தபாலில் போன வரிக்கணக்கு: ரசீது இருக்கிறதா?

கேள்வி: கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் எச்-1பி விசாவில் வேலை செய்கிறேன். மனைவியும் மகனும் 2023 ஜனவரியில் எச்-4 விசாவில் வந்தார்கள். அவர்களுக்கு ஐ.டி.ஐ.என். எண் (சோஷியல் செக்யூரிட்டி எண் பெற முடியாதவர்களுக்கு வரித்துறை தரும் அடையாள எண்) வாங்க வேண்டியிருந்ததால் 2023-க்கான வரிக்கணக்கை, அந்த எண்ணுக்கு விண்ணப்பிக்கும் டபிள்யூ-7 படிவங்களோடு காகிதத்தில் அனுப்பினோம். 2024 ஏப்ரல் முதல் வாரத்திலேயே தபாலில் போட்டுவிட்டதாகக் கணக்குத் தயாரித்தவர் சொன்னார். 6,400 டாலர் ரீஃபண்ட் வர வேண்டும். எண்ணும் வரவில்லை, பணமும் வரவில்லை. அதனால் 2024 கணக்கையும் 2025 ஏப்ரலில் அவரே தபாலில் அனுப்பினார், 1,900 டாலருக்குச் செக் வைத்து. அந்தச் செக்கை இன்றுவரை யாரும் மாற்றவில்லை. அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸுக்குப் போன் செய்தால் ‘தாமதம், பொறுங்கள்’ என்கிறார்கள். ஐ.ஆர்.எஸ். இணையக் கணக்கில் பார்த்தால் இரண்டு வருடத்துக்கும் கணக்கு தாக்கலானதாகப் பதிவே இல்லை. வீட்டில் நிம்மதி போய்விட்டது. ஐ.ஆர்.எஸ். மீது நஷ்ட ஈடு வழக்குப் போடலாமா? செக்கை ஸ்டாப் பேமென்ட் செய்யட்டுமா? கணக்குத் தயாரித்தவர் கட்டணத்தைத் திருப்பித் தந்து மறுபடி செய்து தருகிறேன் என்கிறார். அவரை அப்படியே விடவும் மனமில்லை.

பதில்: உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, வேண்டிய ஒன்றைத் தவிர. அந்த இரண்டு உறைகளும் சர்ட்டிஃபைடு மெயிலிலோ ரெஜிஸ்டர்டு மெயிலிலோ போனதற்குத் தபால் அலுவலக முத்திரையோடு ரசீது உண்டா? இன்றே கேட்டு வாங்குங்கள். இருந்தால் நீங்கள் காலத்தில் தாக்கல் செய்தவர். இல்லையென்றால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்னும் கணக்கே தாக்கல் செய்யாதவர். மன உளைச்சல், போனில் காத்திருந்தது எல்லாம் உண்மைதான். ஆனால் கணக்கைப் பரிசீலிக்கத் தாமதித்ததற்காக ஐ.ஆர்.எஸ்.ஸிடம் நஷ்ட ஈடு கேட்கச் சட்டத்தில் வழியில்லை. வரிச் சட்டத்தின் 7433-வது பிரிவு வரி வசூலில் நடக்கும் அத்துமீறலுக்கு மட்டும்தான். அந்த வழக்கை மறந்துவிடுங்கள்.

ரசீது ஏன் அவ்வளவு முக்கியம்? தபாலில் போட்ட தேதியே தாக்கல் தேதி என்று 7502-வது பிரிவு சொல்வது பலருக்கும் தெரியும். உறை போய்ச் சேர்ந்தால்தான் அந்தச் சலுகை என்பது தெரியாது. உறை வரவே இல்லை என்று ஐ.ஆர்.எஸ். சொன்னால், சேர்ந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்வது சர்ட்டிஃபைடு, ரெஜிஸ்டர்டு மெயில் ரசீதுகளையும், ஐ.ஆர்.எஸ். பட்டியலிட்ட தனியார் கூரியர் சேவைகளின் பதிவையும்தான். பால்ட்வின் தம்பதியின் வழக்கு இதுதான். காலக்கெடுவுக்குப் பல மாதம் முன்பே சாதாரணத் தபாலில் போட்டார்கள். போட்டதைப் பார்த்த ஊழியர்கள் சாட்சியும் சொன்னார்கள். கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 2019-இல் 9-வது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. கலிஃபோர்னியா அந்த வட்டாரத்தில்தான் வருகிறது. அந்தத் தீர்ப்பு சார்ந்திருந்த செவ்ரான் கோட்பாட்டை (தெளிவில்லாத சட்டத்துக்கு அரசுத் துறை தரும் நியாயமான விளக்கத்தை நீதிமன்றம் ஏற்க வேண்டும் என்பது) 2024-இல் உச்ச நீதிமன்றம் கைவிட்டதால் இனி அந்தத் தீர்ப்பை எதிர்க்கலாம் என்று சிலர் வாதாடுகிறார்கள். நல்ல வாதம்தான், ஆனால் 6,400 டாலருக்காக அதை நீங்கள் சுமக்க வேண்டாம்.

‘சர்ட்டிஃபிகேட் ஆஃப் மெயிலிங்’ என்று ஒரு சீட்டைக் காட்டினால் ஏமாறாதீர்கள். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் அது சர்ட்டிஃபைடு மெயில் அல்ல. தபாலில் போட்டதைக் காட்டும், சேர்ந்ததைக் காட்டாது.

என் கட்சிக்காரர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் அடுத்த கட்டத்தில்தான். ‘அவர்கள் தாமதிக்கிறார்கள், நமக்கென்ன’ என்று காத்திருப்பார்கள். தாமதம் ஐ.ஆர்.எஸ்.ஸுடையதாக இருந்தாலும் காலக்கெடு ஓடுவது உங்களுக்கு எதிராக. சம்பளத்தில் பிடித்த 2023 வரி, சட்டப்படி 2024 ஏப்ரல் 15 அன்று கட்டியதாகக் கருதப்படும். ரீஃபண்ட் கேட்கும் கணக்கு அதிலிருந்து மூன்று வருடத்துக்குள், அதாவது 2027 ஏப்ரல் 15-க்குள் தாக்கலாக வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் 6511-வது பிரிவு அந்தப் பணத்தை விடாது. ‘போனில் காத்திருக்கச் சொன்னார்களே’ என்பது பதிலாகாது. பிராக்கம்ப் வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம், நியாயம் கருதி இந்தக் காலக்கெடுவை நீட்டிக்க முடியாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. அடுத்த வருடம் நாடாளுமன்றம் தந்த விலக்கு, கடும் உடல்நலக் குறைவாலோ மனநலக் குறைவாலோ தன் பண விவகாரங்களைக் கவனிக்க இயலாதவர்களுக்கு மட்டும். உங்களைப் போலக் காத்திருந்து, எல்லா போன் அழைப்புகளையும் நோட்டில் எழுதி வைத்து, கடைசியில் முழு ரீஃபண்டையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நோட்டு எதற்கும் உதவவில்லை.

ஆகவே ரசீது இல்லையென்றால் 2023 கணக்கைப் புதிதாகத் தாக்கல் செய்யுங்கள், இந்த மாதமே. இதிலும் ஒரு பெரிய தப்பு நடக்கிறது: பழைய நகலை எடுத்துப் பழைய தேதியிட்டுக் கையெழுத்துப் போடுவது. பொய் சொன்னால் தண்டனை என்று ஒப்புக்கொண்டு போடும் கையெழுத்து அது. இன்றைய தேதியிட்டு நீங்களும் மனைவியும் புதிதாகக் கையெழுத்திடுங்கள். முதலில் எப்போது அனுப்பினீர்கள் என்பதைத் தனிக் கடிதத்தில் எழுதி இணையுங்கள். வெறும் போட்டோ நகலின் மேல் ‘காப்பி’ என்று எழுதி அனுப்பினால் அது தாக்கலாகாது. 1040-எக்ஸ் திருத்தக் கணக்கும் இப்போது வேண்டாம், திருத்துவதற்கு அங்கே மூலக் கணக்கே இல்லை.

முடிந்தால் தபாலையே தவிருங்கள். ஐ.ஆர்.எஸ். உதவி மையத்தில் முன்பதிவு செய்து நேரில் கொடுத்து, உங்கள் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். டபிள்யூ-7-க்கான பாஸ்போர்ட் சரிபார்ப்பைச் செய்யும் மையங்களும் உண்டு, முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். தபால்தான் என்றால் கவுன்ட்டரில் நின்று சர்ட்டிஃபைடு மெயிலில் அனுப்புங்கள். தெருப்பெட்டி வேண்டவே வேண்டாம். இயந்திர முத்திரையின் தேதி நீங்கள் போட்ட நாளாக இல்லாமல் போகலாம் என்பதைத் தபால் துறையே 2025 டிசம்பர் 24 முதல் தன் விதிகளில் எழுதி வைத்துவிட்டது.

ரீஃபண்ட் வரவேண்டிய வருடம் என்பதால் 2023-க்குத் தாமத அபராதம் இல்லை. ஆனால் மகனுக்கான 500 டாலர் வரிச் சலுகை போய்விடும். அவன் எண்ணுக்குக் கெடு தேதிக்குள் விண்ணப்பித்ததை நிரூபிக்க வேண்டும், உங்களிடம் அது இல்லை. 2024 கணக்கிலும் அதே கதைதான்: அதில் அந்தச் சலுகையைச் சேர்த்திருந்தால் நீங்கள் கட்ட வேண்டியது 1,900 அல்ல, 2,400. அதற்காகச் சண்டை வேண்டாம், விட்டுவிடுங்கள்.

இனி செக். ஸ்டாப் பேமென்ட் செய்யாதீர்கள். அந்த உறை எங்காவது திறக்கப்பட்டு, செக் வங்கிக்குப் போய்த் திரும்பினால் அதற்கே 2 சதவீதம் அபராதம். ஆறு மாதம் தாண்டிய செக்கை வங்கி ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் ஏற்கவும் ஏற்கலாம். 1,900 டாலரைக் கணக்கில் தொடாமல் வைத்துவிட்டு, 2024-க்கான 2,400 டாலரை ஐ.ஆர்.எஸ். இணையக் கணக்கின் வழியே இன்றே கட்டுங்கள். காகிதத்தில் கணக்கு அனுப்புகிறவர் செக்தான் அனுப்ப வேண்டும் என்று எங்கும் இல்லை. இரண்டும் சேர்ந்துவிட்டால் உபரி திரும்ப வரும். கட்டாத ஒவ்வொரு நாளும் வட்டி ஓடும். 2025 முழுக்க அது வருடத்துக்கு 7 சதவீதமாக இருந்தது.

2024 கணக்கையும் மறுபடி தாக்கல் செய்யுங்கள். தாமத அபராதம் மாதத்துக்கு 5 சதவீதம், உச்சம் 25. சுமார் 600 டாலருக்கு நோட்டீஸ் வரலாம். ‘கணக்குத் தயாரித்தவரை நம்பினேன்’ என்று பதில் எழுதாதீர்கள், 1985-இல் பாயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் காரணத்தைத் தள்ளிவிட்டது. முந்தைய மூன்று வருடத்தில் அபராதம் இல்லாதவருக்கு முதல்முறைத் தள்ளுபடி உண்டு, அதைக் கேளுங்கள். முந்தைய வருடக் கணக்குகள் தாக்கலாகியிருந்தால்தான் அது கிடைக்கும். 2023-ஐ முதலில் கொடுக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

கணக்குத் தயாரித்தவரோடு சமரசமாகப் போங்கள். அவர் மேல் வழக்குப் போட்டால் உங்களுக்கு வரக்கூடியது ஆயிரம் ரெண்டாயிரம் டாலர், அதற்குள் 2027 வந்துவிடும். எப்போது, எந்தத் தபாலில் அனுப்பினார் என்று கையெழுத்திட்ட கடிதமும், இரண்டு வருடக் கணக்குகளின் முழு நகலும், கட்டணமும் வாங்கிக்கொள்ளுங்கள். போன 1,000 டாலர் சலுகையில் பாதியாவது கேட்டுப் பாருங்கள், தரவில்லையென்றால் விடுங்கள். இனி கோரிக்கை இல்லை என்று எழுதிக் கேட்டால், நகல்கள் கைக்கு வந்த பிறகு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். மறுபடி செய்து தருகிறேன் என்பதை மட்டும் ஏற்காதீர்கள். இந்த முறை உறையை நீங்களே எடுத்துப் போக வேண்டும்.