சுத்தமான கதைகள் – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சபையில் திடப்படுத்தல் வகுப்புக்கும் போகிறாள். கதை என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். சென்ற மாதம் அவள் கைபேசியில் படித்துக்கொண்டிருந்த தொடர்கதையை வாங்கிப் பார்த்தேன். இரண்டு அத்தியாயத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. கைபேசியைப் பூட்டி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை, அங்கே கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கென்றே சுத்தமான கதைப் புத்தகங்கள் தனி அலமாரியில் இருக்கும் என்கிறாள். கெட்ட வார்த்தை, அசிங்கம், அவிசுவாசம் எதுவும் இருக்காதாம். தமிழில் ஏன் அப்படி இல்லை? ஞாயிறு பள்ளியில் தரும் கதைகளைக் கொடுத்தால், “முதல் பக்கத்திலேயே முடிவு தெரிந்துவிடுகிறது” என்கிறாள். நான் படித்துப் பார்க்காமலே நம்பிக் கொடுக்கக்கூடிய கதைகளை நீங்கள் எழுதக் கூடாதா?

இப்படிக்கு,
ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி உங்கள் மகளுடையது. அந்தக் கதைகளுக்கு இதைவிட நேர்மையான மதிப்புரையை யாரும் எழுதிவிட முடியாது.

உங்கள் தங்கை சொல்வது உண்மைதான். 1950இலேயே அங்கே கிறிஸ்தவப் புத்தகக் கடைக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் அமைந்துவிட்டது. கடைகள் எதை வாங்கும், எதை வாங்காது என்பது தெரிந்ததும் பதிப்பகங்கள் அதற்கேற்பக் கதை கேட்டன: வசவு கூடாது, படுக்கையறைக் கதவு மூடியே இருக்க வேண்டும். இந்த இரண்டிலும் எனக்குத் தகராறு இல்லை. பதினான்கு வயதுப் பெண்ணுக்கு எழுதும்போது நானும் அந்தக் கதவை மூடித்தான் வைப்பேன். உங்கள் பட்டியலின் மூன்றாவது சொல்லில்தான் நின்றுவிட்டேன். அவிசுவாசம் கூடாது என்கிறீர்கள்.

நம் சபைகளில் சாட்சி சொல்வதற்கு ஒரு வழக்கமான போக்கு உண்டு. முதலில் கெட்டுப்போன நாட்கள், பிறகு ஒரு நற்செய்திக் கூட்டம், கண்ணீர், பிறகு சமாதானம். வாழ்ந்தவர் எழுந்து நின்று சொல்லும்போது அதில் உயிர் இருக்கிறது. அதே போக்கைக் கதைக்காரன் எடுத்துக்கொண்டால், பையன் பீடியைக் கையில் எடுக்கும்போதே அவன் எந்தப் பக்கத்தில் மண்டியிடுவான் என்று தெரிந்துவிடுகிறது. உங்கள் மகளுக்குத் தெரிந்தது அதுதான்.

திடப்படுத்தலுக்குத் தயாராகும் பெண் கையில் வேதாகமத்தின் இரண்டாம் சாமுவேல் புத்தகம் இருக்கும். பதினொன்றாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தாவீது ராஜா தன் போர்வீரன் உரியாவின் மனைவி பத்சேபாளை அழைப்பித்துச் சேர்ந்தது ஒரே வசனத்தில் முடிந்துவிடுகிறது, கதவு மூடியாயிற்று. அதிகாரத்தின் பெரும்பகுதி அதை மறைக்க அவன் போட்ட திட்டங்களுக்குப் போகிறது. உரியாவை ஊருக்கு வரவழைக்கிறான், வீட்டுக்குப் போகச் சொல்கிறான், குடிக்க வைக்கிறான், கடைசியில் அவன் சாவுக்கான கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறான். உடம்பைப் பற்றி அவ்வளவு சுருக்கமாகவும் குற்றத்தைப் பற்றி இவ்வளவு விரிவாகவும் எழுதியவர், பிள்ளைகளுக்கு எழுதுகிறவனுக்கு நல்ல ஆசான்.

அடுத்த அதிகாரத்தில் தீர்க்கதரிசி நாத்தான் தாவீதிடம் வருகிறார். பணக்காரன் ஒருவன் தன் மந்தையை விட்டுவிட்டு, ஏழை தன் பிள்ளையைப் போல் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்து விருந்து வைத்த கதையைச் சொல்கிறார். அதில் கடவுள் பெயர் இல்லை, தாவீது பெயரும் இல்லை. கேட்ட தாவீதுக்குக் கோபம் மூண்டு, தீர்ப்பை அவனே சொல்கிறான். அதன்பிறகுதான் “நீயே அந்த மனுஷன்” என்ற சொல் வருகிறது. நாத்தான் கதையை முடித்த கையோடு ‘ஆகையால் பிறர் பொருளை இச்சியாதே’ என்று சேர்த்திருந்தால் தாவீது தலையாட்டிவிட்டு எழுந்து போயிருப்பான்.

சந்தேகத்துக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்காக வேளாங்கண்ணி வந்த யாத்திரிகர்களையும் கடல் கொண்டுபோனது. உங்கள் மகள் அப்போது பிறந்திருக்கவில்லை. ஆனாலும் நாகப்பட்டினம் கடற்கரையில் ஒரு பெண்ணை வைத்து எழுதினால், “கும்பிட வந்தவர்களையே ஏன்?” என்று அந்தக் கதைப்பெண் கேட்காமல் இருக்கமாட்டாள். இருபதாம் பக்கத்தில் கேட்ட கேள்விக்கு இருபத்தொன்றாம் பக்கத்தில் போதகர் வந்து பதில் சொல்லிவிட்டால், அந்தப் பெண்ணை நான் ஏமாற்றியவன் ஆவேன். எண்பத்தெட்டாம் சங்கீதம் கடைசி வரிவரை ஆறுதல் இல்லாமல்தான் முடிகிறது. அதை வேதாகமத்தில் வைத்தவர்கள் யாரும் பயப்படவில்லை.

இன்னொன்று, இது உங்கள் பட்டியலில் இல்லை. நம் டெல்டாவின் பழைய மிஷன் ஆலயங்களில் சாதிவாரியாக உட்கார்ந்தார்கள். அதை நீக்க வந்த மிஷனரிகளோடு தஞ்சாவூர்ச் சபையார் சண்டை போட்டார்கள். அதன் மிச்சம் இன்றும் பெண் பார்க்கும் பேச்சில், ‘கிறிஸ்தவர்தான், ஆனால் நம்மவர்களா?’ என்று கேட்கிறது. வசவும் முத்தமும் இல்லாமல், எல்லாரும் ஒரே சாதிக்குள் மணம் முடித்து ஜெபத்தோடு நிறைவுறும் கதையை உங்கள் அலமாரி மறுக்காது. எனக்கு அந்தக் கதையை அவள் கையில் கொடுக்க மனம் வராது.

ஆகவே, படித்துப் பார்க்காமலே கொடுக்கலாம் என்ற உத்தரவாதத்தை நான் தரமாட்டேன். எழுதுவேன், வசவு இருக்காது, கதவு மூடியிருக்கும். கேள்விகள் இருக்கும். நீங்களும் படியுங்கள், அவளுக்கு முன்னால் இல்லாவிட்டாலும் அவளுக்குப் பின்னாலாவது. அவள் படித்து முடித்த புத்தகத்தை நீங்கள் கேட்டு வாங்கினால் பேச்சு தானாக வரும்.

அதுவரை? உங்கள் ஊர்க்காரரையே சொல்கிறேன். மாயூரத்தில், அதாவது இன்றைய மயிலாடுதுறையில், முன்சீப் நீதிபதியாக இருந்த வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். அவர் 1879இல் வெளியிட்ட ‘பிரதாப முதலியார் சரித்திரம்’தான் தமிழின் முதல் நாவல். நீதி புகட்டத்தான் எழுதினார். ஆனால் இடையிடையே சிரிக்கவைக்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. கதாநாயகி ஞானாம்பாள் ஆண் வேடத்தில் ஒரு நாட்டுக்கே ராஜாவாகிவிடுகிறாள். நடை பழையது, கிளைக்கதைகளும் நீதியுரைகளும் ஏராளம். அலுப்புத் தட்டும் இடங்களைத் தாண்டிப் போகலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஞானாம்பாள் சிம்மாசனம் ஏறும் பகுதியிலிருந்து தொடங்கினாலும் குற்றமில்லை.

கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தத் தொடர்கதையில் மூன்றாம் அத்தியாயத்தில் என்ன ஆயிற்று என்று அவளிடமே கேளுங்கள்.

அன்புடன்.