தவக்காலச் சீட்டுகளுக்குப் பதில்

சேலத்தில் 30 வருடம் ஞாயிறு மறைக்கல்வி எடுத்தவள் நான். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், அன்றாட வாழ்க்கையில் ஒறுத்தல் (ஆசைகளை விட்டுக்கொடுப்பது) பற்றித் தியானம் முடிந்தபின் பலர் சீட்டு எழுதிக் கொடுத்தீர்கள். பெயரை விட்டுவிட்டுப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: டீச்சர், வெள்ளிக்கிழமை கறி தொடுவதில்லை. வஞ்சிரம் வறுத்தால் சுத்த போசனம்தானே?

சட்டப்படி சரி, சுத்த போசனம் என்றால் இறைச்சியை விடுவதுதான், மீனுக்குத் தடை இல்லை. ஆனால் அன்று நாக்கு எதையுமே விடவில்லையே. ரசமும் அப்பளமும் போதும், மீன் வாங்கும் காசைத் தவக்கால உண்டியலில் போடுங்கள்.

கேள்வி: எனக்கு 64 வயது, சர்க்கரை இருக்கிறது. பெரிய வெள்ளிக்கு ஒருசந்தி இருக்காதே என்று மகன் திட்டுகிறான்.

மகன் சொல்வதுதான் சரி அம்மா. ஒருசந்திக் (ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு) கடமை 18 வயது நிறைந்தவர்களுக்கு, 59 நிறையும் வரைதான். நோயாளிக்கு எந்த வயதிலும் கட்டாயம் இல்லை. நேரத்துக்குச் சாப்பிட்டு மாத்திரை போடுங்கள். பழகிய நோன்பை விடுவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், அதையே ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கள்.

கேள்வி: சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறையில் வேலை. பக்கத்தில் உட்காருபவர் நாள் முழுக்கச் சப்புக் கொட்டிக்கொண்டே இருப்பார். எரிச்சலில் பற்றவைப்பே பிசகுகிறது. இதையெல்லாம் சிலுவை என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம் தம்பி. இயேசு சிலுவையைத் தூக்கச் சொன்னதை மத்தேயுவும் மாற்கும் நற்செய்தியில் எழுதினார்கள். லூக்காதான் ‘நாள்தோறும்’ என்ற சொல்லையும் சேர்த்து எழுதினார் (9:23). புனித குழந்தை தெரசா பிரான்சில் லிசியே கார்மேல் கன்னியர் மடத்தில் 9 வருடம் இருந்து, 1897-இல் 24 வயதில் காசநோயில் இறந்தவர். ஜெப நேரத்தில் பின்னால் ஒரு சகோதரி ஏதோ ஒரு சத்தம் போட்டுக்கொண்டே இருப்பாராம். திரும்பி முறைக்கத் தோன்றுமாம், வியர்த்துவிடுமாம். முறைக்காமல், அதை ஓர் இசை மாதிரி காதுகொடுத்துக் கேட்டு ஆண்டவருக்குக் கொடுத்தார். இப்படிப்பட்டவரைத்தான் திருச்சபை 1997-இல் மறைவல்லுநராக (எல்லோருக்கும் விசுவாசம் கற்பிக்கும் ஆசிரியராக) அறிவித்தது. நாளைக்குக் காலையில் அந்த அண்ணனுக்கும் சேர்த்து ஒரு டீ சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: மாமியார் 2 வருடமாகப் படுக்கையில். ஞாயிறு பூசைக்கே போக முடியவில்லை, ஜெபமாலை பாதியில் தூங்கிவிடுகிறேன். பாவமா?

இல்லவே இல்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவருக்குப் பூசைக் கடமையிலிருந்து விலக்கு உண்டு. மாற்கு 7-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். ‘கொர்பான், கடவுளுக்குக் கொடுத்துவிட்டேன்’ என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்தார். என் மாமியாரும் கிடையில்தான் போனார். ராத்திரி 3 மணிக்கு ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈரத் துணியை உருவி, முதுகில் புண் வந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். சில ராத்திரி முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தேன். ஒருநாள் அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, “தூங்கு கண்ணு, காலையில பாத்துக்கலாம்” என்றார். அதற்கப்புறம் முணுமுணுப்பு வாய்வரை வந்தாலும் விழுங்கப் பழகினேன்.

பங்குத்தந்தையிடம் சொன்னால் நற்கருணை வீட்டுக்கே வரும். கணவரையும் நாத்தனாரையும் ஆளுக்கொரு ராத்திரி விழிக்கச் சொல்லுங்கள். தியாகம் மருமகளுக்கு மட்டும் எழுதிவைத்ததில்லை.

கேள்வி: ஏற்காட்டில் எஸ்டேட் வேலை. வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிக்கிறார். ‘உன் சிலுவை, பொறுத்துக்கோ’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.

இந்தச் சீட்டைப் படித்து எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மா, அது உங்கள் சிலுவை இல்லை, அவருடைய பாவம். அன்பினால் நாமாகக் கொடுப்பதுதான் தியாகம். அடி வாங்குவதில் நீங்கள் எதைக் கொடுக்கிறீர்கள்? உங்களிடமிருந்து அவர் பிடுங்குகிறார். நீங்கள் பொறுக்கப் பொறுக்க அவர் ஆத்துமாவும்தான் கெடுகிறது. துணைக்கோ பிள்ளைகளுக்கோ கடும் ஆபத்து என்றால் பிரிந்து வாழலாம் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது (எண் 1153). இதைச் சொந்தக்காரர்களிடம் காட்டுங்கள்.

181 பெண்களுக்கான உதவி எண், எந்நேரமும் கூப்பிடலாம். ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ்களை ஒரு பையில் போட்டு அக்கம்பக்கத்தில் நம்பிக்கையானவரிடம் கொடுத்து வையுங்கள். கீழே இறங்க 20 கொண்டை ஊசி வளைவுதான். தியானத்துக்கு வந்த மண்டபத்தில் கேட்டால் என் வீட்டைக் காட்டுவார்கள். முன் அறை காலியாக இருக்கிறது, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.