ஸ்டெம் செல், ஜீனோமிக்ஸ் பக்கம் போஸ்ட்டாக் செய்தால் மட்டக்களப்புக்குத் திரும்பி வரலாமா?

கேள்வி கேட்டவர் அக்கரைப்பற்று. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் உயிரியல், கடைசி வருடம். போஸ்ட்டாக் (கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்திய ஆய்வு) என்பது படிப்பா வேலையா, அதை முடித்துவிட்டு ஊரோடு இருக்க வழி உண்டா என்று இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். நானும் அதே கம்பஸ்தான். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் ஸ்கோர் கொஞ்சம் குறைந்ததால் மருத்துவம் கிடைக்காமல் விஞ்ஞான பீடத்துக்கு வந்த பெரிய கூட்டத்தில் ஒருத்தி.

முதல் கேள்வியை என் அம்மா நாலு வருடமாகக் கேட்டார். "கலாநிதிப் பட்டமும் எடுத்தாச்சு, இன்னும் என்ன புள்ள படிக்கிறாய்?" படிப்பு இல்லை. பரீட்சையும் இல்லை, முடிவில் பட்டமும் இல்லை. சம்பளம் வரும், ஆனால் ஒப்பந்தம் ஒரு வருடம், இரண்டு வருடம் என்றுதான் வரும். நான் இருந்த ஜெர்மனியில், கலாநிதிக்குப் பிறகு பல்கலைக்கழகம் கொடுக்கும் இந்த வகைத் தற்காலிக ஒப்பந்தங்கள் பொதுவாக மொத்தம் 6 வருடத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் இதை விளங்கப்படுத்த அம்மா பட்ட பாடு தனிக் கதை.

சரி, அங்கே என்னதான் வேலை? அம்மாவுக்கு நான் சொன்ன மாதிரியே சொல்கிறேன். களுவாஞ்சிக்குடியில் எங்கள் வீட்டில் எருமைப் பாலில் தயிர் போடுவோம். பழைய சட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் புதுப் பாலில் உறை ஊற்றினால் அடுத்த சட்டி. ஸ்டெம் செல் என்பது வேறு வகைக் கலங்களாக (செல்களாக) மாறக்கூடிய கலம். அதை வளர்ப்பதும் கிட்டத்தட்ட அந்த வேலைதான். 2006இல் ஜப்பானில் யாமனாகாவும் தகஹாஷியும் எலியின் சாதாரணக் கலத்துக்குள் நான்கே பரம்பரையலகுகளை (ஜீன்களை) செலுத்தி, அதைக் கருநிலைக் கலம்போல் பின்னோக்கித் திருப்பிக் காட்டினார்கள். அடுத்த வருடம் மனிதத் தோல் கலத்திலும் அது நடந்தது. 2012இல் யாமனாகாவுக்கு நோபல் பரிசு. இன்று யாருடைய தோலிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ அப்படி ஆக்கிய கலங்களைத் தட்டில் வைத்து, இதயக் கலமாகவோ நரம்புக் கலமாகவோ மாறச் சொல்லலாம். சொன்னால் கேட்குமா என்பது வேறு விஷயம்.

மாறும் வரைக்கும் அவற்றை உயிரோடு வைத்திருக்க வேண்டுமே. நான் வளர்த்தவற்றுக்குத் தினமும் ஊட்டத் திரவம் மாற்ற வேண்டும். ஞாயிறு, பொங்கல், தீபாவளி எதுவும் அதற்குத் தெரியாது. நாலைந்து நாளைக்கு ஒருமுறை தட்டு நிறைந்துவிடும், கொஞ்சம் பிரித்துப் புதுத் தட்டில் போட வேண்டும். உறை ஊற்றுகிற வேலை. நல்ல கலக்கூட்டம் நுண்காட்டியில் தட்டையாக, இறுக்கமாக, ஓரம் கோடு கிழித்ததுபோல் மினுங்கும். ஓரம் கலைந்து, ஒன்றிரண்டு கலம் கால் நீட்டி வெளியே படுத்திருந்தால் அது நம்மைக் கேட்காமலே வேறெதுவாகவோ மாறத் தொடங்கிவிட்டது. எந்தப் பகுதியைச் சுரண்டி எறிவது, எதை விடுவது என்பது கைக்குப் பழக எனக்கு எட்டு மாதம் போனது. எந்த நெறிமுறைத் தாளிலும் அது இல்லை.

உறை கெடுவதும் இங்கே உண்டு. பிரித்துப் பிரித்து வளர்க்கும்போது சில கலங்களில் 20ஆவது நிறமூர்த்தத்தின் ஒரு சிறு துண்டு கூடுதலாகச் சேர்ந்துவிடும். உலகம் முழுக்கப் பல ஆய்வுகூடங்களில் கண்ட விஷயம் இது. அந்தத் துண்டில் கலத்தைச் சாகவிடாமல் காக்கும் ஒரு பரம்பரையலகு இருக்கிறது. அதனால் அந்தக் கலம் மற்றவற்றை முந்திக்கொண்டு பெருகி, சில வாரத்தில் தட்டு முழுக்க அதுதான். கண்ணுக்குப் பார்க்க நல்ல வடிவாக, ஆரோக்கியமாக இருக்கும். அதுதான் பயம். எனக்கு ஒருமுறை தட்டு திடீரென்று சொன்னபடியெல்லாம் வளர்ந்தது, நான் கெட்டிக்காரியாகிவிட்டேன் என்று நினைத்தேன். சோதித்துப் பார்த்தால் 20ஆவது நிறமூர்த்தம். மூன்று மாத வேலை குப்பைத் தொட்டியில்.

கலத்தின் பரம்பரையலகுகளை மொத்தமாக வாசிக்கும் ஜீனோமிக்ஸ் இதற்கு மறுபக்கம். கலங்களை ஒன்றொன்றாகப் பிரித்து, எண்ணெய்க்குள் மிதக்கும் நுண்துளிகளில் துளிக்கு ஒன்றாக அடைத்து, ஒவ்வொன்றின் ஆர்என்ஏவுக்கும் (பரம்பரையலகு வேலை செய்யும்போது எடுக்கப்படும் நகல்) தனிக் குறியீடு ஒட்டி வாசிப்பார்கள். ஒரே ஓட்டத்தில் பல ஆயிரம் கலம். கடைசியில் உங்களிடம் வருவது ஒரு பெரிய எண் அட்டவணை: எந்தக் கலத்தில் எந்தப் பரம்பரையலகு எவ்வளவு பேசுகிறது என்று. ஒரே மாதிரிப் பேசுகிறவற்றைக் கணினி கும்பல் கும்பலாகப் பிரித்துத் திரையில் புள்ளிகளாகக் காட்டும்.

என் திரையில் ஒருநாள் யாரும் சொல்லாத ஒரு கும்பல் தனித் தீவுபோல் நின்றது. அன்று இரவு நித்திரை இல்லை. புது வகைக் கலம், பெரிய சஞ்சிகை என்று மனக்கோட்டை. அடுத்த நாள் எங்கள் பேராசிரியர் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்தத் தட்டை நொதியத்தில் எவ்வளவு நேரம் வைத்தாய்?" அந்தக் கும்பலில் உரத்துப் பேசியவை ஃபாஸ், ஜூன் என்ற இரண்டு பரம்பரையலகுகளும். கலம் அதிர்ச்சிக்கு உள்ளானால் சில நிமிடத்திலேயே கூவத் தொடங்குகிறவை. கலங்களைப் பிரிப்பதற்காக 37 பாகை சூட்டில் நொதியம் ஊற்றி வைத்திருந்தேன். அந்த ஒரு தட்டு மட்டும், நான் தொலைபேசியில் அம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்ததில், கூடுதல் நேரம் கிடந்துவிட்டது. புது வகைக் கலமும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் பயமுறுத்திய கலங்கள்.

போஸ்ட்டாக்கில் நான் படித்தது என்று ஒன்று சொல்லச் சொன்னால் அந்தக் கேள்வியைத்தான் சொல்வேன். கலாநிதிப் படிப்பில் சந்தேகப்படுகிற வேலையை மேற்பார்வையாளர் செய்வார். போஸ்ட்டாக்கில் அது உங்கள் தலையில்.

இனி ஊர் விஷயம். நேராகச் சொல்கிறேன்: கலம் வளர்க்கும் கையோடு மட்டக்களப்புக்குத் திரும்புவது இன்றைக்குக் கஷ்டம். திறமை இல்லாததால் இல்லை. உறைய வைத்த கலங்களுக்கு -196 பாகையில் திரவ நைதரசன் தீராமல் வர வேண்டும். சில வளர்ச்சிக் காரணிப் புரதங்கள் உலர்பனிப் பெட்டியில் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வழியில் உருகினால் காசு போச்சு. கரண்ட் நிற்கக் கூடாது. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது நான் லீவில் வந்து கல்லடியில் அக்கா வீட்டில் மெழுகுதிரியோடு இருந்தேன். அங்கே ஜெர்மனியில் என் -80 பாகை உறைகுளிர்ப் பெட்டி ஓடிக்கொண்டிருக்க, இங்கே அக்கா மீன் பழுதாகிவிடும் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் குழம்பு வைத்தார்.

தரவுப் பக்கம் அப்படி இல்லை. பெரிய கணிப்பு நடப்பது எங்கேயோ இருக்கும் சேர்வரில், என் மடிக்கணினிக்கு வருவது எழுத்து மட்டும். இணைய இணைப்பு மந்தமாக இருந்தாலும் ஓடும், அறுந்தாலும் அங்கே வேலை நிற்காது. இப்போது நான் கல்லடியிலிருந்து பழைய ஆய்வுகூடத்துக்குத் தரவு பார்த்துக் கொடுக்கிறேன். நிரந்தர வேலை இல்லை, அதையும் மறைக்கவில்லை. ஆனால் அம்மாவைப் பார்க்கப் பஸ் ஏற வேண்டும் என்றால் ஏறலாம்.

அதனால் போகத்தான் போகிறீர்கள் என்றால் இரண்டு கையும் பழகுங்கள். கலத்தை ஒருமுறையாவது வளர்த்துக் கொன்று பார்க்காதவர்கள் தரவில் பேய் பார்ப்பார்கள் (நானே சாட்சி). ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் தரவுக் கையைப் பலமாக வையுங்கள். கலாநிதி முடிந்ததும் ஐரோப்பாவின் மேரி கியூரி போஸ்ட்டாக் உதவித்தொகையைப் பாருங்கள். எந்த நாட்டவரும் போடலாம், கலாநிதிக்குப் பிந்திய ஆய்வு அனுபவம் 8 வருடத்தைத் தாண்டக் கூடாது, போகப்போகும் நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கவும் கூடாது. பேராசிரியர்களுக்கு மெயில் போடும்போது "மதிப்புக்குரிய சேர்" என்று ஒரு பக்கம் புகழாமல், அவர்களுடைய கட்டுரை ஒன்றில் உங்களுக்கு விளங்காத ஒரு படத்தைப் பற்றி இரண்டு வரி கேளுங்கள். எனக்கு வந்த ஒரே பதில் அப்படி எழுதியதற்குத்தான்.

அதுவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். 1000 ஜீனோம் திட்டத்தின் 26 இனக்குழுக்களில் ஒன்று பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர். நூறு பேரளவில் இருக்கிறார்கள், தரவு எல்லோருக்கும் இலவசம். முழுக் கோப்பும் இறக்கத் தேவையில்லை, டாபிக்ஸ் என்ற சிறு கருவியால் வேண்டிய துண்டை மட்டும் வெட்டி எடுக்கலாம். 11ஆவது நிறமூர்த்தத்தில் எச்பிபி என்ற பரம்பரையலகு இருக்கிறது. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்குக் காரணமாகும் மாற்றங்கள் நிறைய அதில்தான். நீளம் இரண்டாயிரம் எழுத்துக்கூட வராது. 4 ஜிபி மடிக்கணினிகூடத் தாராளமாகத் தாங்கும். அதை எடுத்து, நம்மவர்களில் என்ன வேறுபாடு தெரிகிறது என்று பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.