தனியார் சாரணர் அமைப்பு தன்பாலீர்ப்பாளர்களைச் சேர்க்க மறுத்தால், அது அவர்கள் உரிமைதானே?

சட்டப்படி கேட்டால், ஆமாம், உரிமைதான். பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற சாரணர் அமைப்பின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2000 ஜூன் 28 அன்று 5-க்கு 4 என்ற கணக்கில் அப்படித்தான் தீர்ப்பு சொன்னது. ஆனால் நீங்கள் கேள்விக்குக் கீழே, "அவர்கள் இடம், அவர்கள் விதி, பிடிக்காதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாமே, அமெரிக்காவில் இதற்குப் போய் ஏன் இத்தனை வருடம் சண்டை போட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த விதியை நிறைவேற்றிய ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன்.

நீங்கள் அமெரிக்காவுக்கு வந்து சில வருடம் ஆகியிருக்கும், பையனுக்கு ஏழெட்டு வயது இருக்கும், ஸ்கவுட்டில் சேர்க்கலாமா என்ற யோசனையில் இதைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

முதலில் அந்த வழக்கு. ஜேம்ஸ் டேல் நியூ ஜெர்சிக்காரர். எட்டு வயதில் ஸ்கவுட்டில் சேர்ந்து, அதன் உச்சப் பட்டமான ஈகிள் வரைக்கும் போய், மாட்டவான் என்ற ஊரில் ஒரு ட்ரூப்புக்கு (உள்ளூர் சாரணர் குழு) அசிஸ்டென்ட் ஸ்கவுட்மாஸ்டராக, அதாவது துணைத் தலைவராக, இருந்தவர். நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து காரில் அரை மணி நேரம். 1990-ல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, அங்கிருந்த தன்பாலீர்ப்பு மாணவர் அமைப்பில் பொறுப்பில் இருக்கிறார் என்று பத்திரிகையில் செய்தியும் படமும் வந்தன. கொஞ்ச நாளில் கவுன்சிலிலிருந்து (அமைப்பின் வட்டாரக் கிளை) கடிதம் வந்துவிட்டது, உங்கள் உறுப்பினர் தகுதி ரத்து என்று. முகாமில் தப்பாக நடந்தார் என்றோ, பையன்களிடம் இதைப் பற்றிப் பேசினார் என்றோ ஒரு புகாரும் கிடையாது. வழக்குப் போட்டார். 1999-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் நின்றது. அடுத்த வருடம் வாஷிங்டனில் அது மாற்றி எழுதப்பட்டது. ஒரு கருத்தை முன்வைத்து இயங்கும் தனியார் சங்கத்துக்கு, அந்தக் கருத்துக்கு ஒவ்வாத ஒருவரைச் சேர்க்கச் சொல்லி அரசு கட்டாயப்படுத்த முடியாது என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் வாதம். ஸ்கவுட் உறுதிமொழியில் ஒழுக்கத்தில் நேராக இருப்பேன் என்று ஒரு சொற்றொடர் வரும். அதற்குத் தன்பாலீர்ப்பு கூடாது என்றுதான் அர்த்தம் என்று அமைப்பு சொன்னதை நீதிமன்றம் அப்படியே ஏற்றுக்கொண்டது. அந்த உறுதிமொழியைப் பல வருடம் திங்கட்கிழமைதோறும் கேட்டவன் நான். எந்தப் பையனும் அதை அப்படிப் புரிந்துகொண்டு சொன்னதில்லை.

அந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு கோயில் சங்கமோ தமிழ்ச் சங்கமோ யாரைச் சேர்க்க வேண்டும் என்று அரசு வந்து சொன்னால் எனக்கும் கோபம் வரும். அதனால் "நீ சட்டமே தெரியாமல் பேசுகிறாய்" என்று பின்னூட்டம் போட வருபவர்கள் தயவுசெய்து முதல் பத்தியை இன்னொரு முறை படித்துவிடுங்கள்.

சரி, என் கதை. என் மகன் 2011 மார்ச்சில், பதினோரு வயதில், பெரிய பையன்களின் ட்ரூப்புக்கு வந்தான். ஒரு சர்ச்சின் அடித்தளத்தில் கூடுவார்கள், இங்கே பெரும்பாலான ட்ரூப்புகள் அப்படித்தான். அவனுக்குத் தண்ணீர் என்றால் பயம். சின்ன வயதில் ஊருக்குப் போனபோது கிணற்றடியில் வழுக்கி விழுந்ததிலிருந்து அந்தப் பயம். ட்ரூப்பில் ஓர் அசிஸ்டென்ட் ஸ்கவுட்மாஸ்டர் இருந்தார், நாற்பது வயதுக்காரர், தானும் சிறுவயதில் ஈகிள். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. வேலை முடித்து நேராக வந்து, கடைசியில் நாற்காலிகளை மடக்கி அடுக்கிவிட்டுப் போவார். அந்தக் கோடை முகாமில் ஒரு வாரம் முழுக்க, காலையில் மற்ற பையன்கள் எழுந்திருப்பதற்கு முன்னால், இன்னொரு தலைவரையும் கரையில் நிற்க வைத்துக்கொண்டு (ஒரு பெரியவர் தனியாக ஒரு பையனுடன் இருக்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி, எல்லோருக்கும் பொது), என் மகனை இடுப்பளவுத் தண்ணீரில் நிற்க வைத்தார். அவசரப்படுத்தவே இல்லை. வாரக் கடைசியில் அவன் கேனோவில் (துடுப்புப் போடும் சின்னப் படகு) ஏரியைக் கடந்து போனான். வீட்டில் அவரைக் கேனோ அங்கிள் என்றுதான் சொல்வான். நான் அப்பா, என்னால் ஐந்து வருடமாக முடியாததை அவர் ஐந்து நாளில் செய்தார்.

நான் அப்போது ட்ரூப் கமிட்டியில் இருந்தேன், கணக்கும் உறுப்பினர் பட்டியலும் என் பொறுப்பு. எப்படி அது என் தலையில் வந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் ட்ரூப்பில் பாதிப் பேர் இந்தியக் குழந்தைகள், அதில் தமிழ்க் குடும்பம் மட்டும் ஒன்பது. கூட்டம் நடக்கும் ஒன்றரை மணி நேரமும் அப்பாக்கள் பார்க்கிங்கில் காரை ஓடவிட்டு போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என்னைப் பார்த்தால் ஒரே கேள்வி, "ஈகிளுக்கு இன்னும் எத்தனை பேட்ஜ் பாக்கி சார்?" ஒவ்வொரு திறமைக்கும் ஒன்றாக 21 மெரிட் பேட்ஜ், ஒரு சேவைத் திட்டம், பதினெட்டு வயதுக்குள் முடிக்க வேண்டும், கல்லூரி விண்ணப்பத்தில் எழுதலாம், அவ்வளவுதான் அவர்களுக்கு ஸ்கவுட். கூடாரம் தூக்க ஆள் வேண்டும் என்று குழுவில் செய்தி போட்டால் ஒரு பதிலும் வராது. ஆறு வருடம் அந்தக் கணக்கை நான் ஒருவனே பார்த்தேன். இன்னொருவர் பெற்ற பிள்ளைகளுக்காகச் சனி ஞாயிறைக் கொடுத்து மழையில் படுத்த மனிதர்களை விரல்விட்டு எண்ணலாம். கேனோ அங்கிள் அதில் முதல் ஆள்.

2012 ஜூலையில் தலைமையகம், இரண்டு வருடம் ஆராய்ந்து பார்த்தோம், தடையை மாற்றப் போவதில்லை என்று அறிவித்தது. அதற்கு முன்பு ஏப்ரலில்தான் ஒஹாயோவில் ஜெனிஃபர் டைரல் என்ற அம்மாவை, ஏழு வயதுப் பையனின் குழுவுக்குத் தலைவியாக இருந்தவரை, நீக்கியிருந்தார்கள். செய்திகளில் நிறைய வந்தது. நான் படித்துவிட்டு, பாவம் என்று நினைத்துவிட்டு, அடுத்த வேலையைப் பார்த்தேன். நவம்பரில் எங்கள் ட்ரூப்பின் ஒரு பெற்றோர், கேனோ அங்கிள் ஓர் ஆணுடன் சிவில் யூனியன் (திருமணத்துக்கு இணையான சட்டப் பதிவு) செய்துகொண்ட படத்தை ஃபேஸ்புக்கில் பார்த்துவிட்டு ஸ்கவுட்மாஸ்டருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டார்.

கமிட்டியில் ஏழு பேர் உட்கார்ந்தோம். அவர் மேல் யாரும் ஒரு குறை சொல்லவில்லை. சொல்லப்போனால் எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். அப்புறம் ஒருவர் சொன்னார், "நமக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை. ஆனால் கவுன்சிலுக்குப் புகார் போனால் ட்ரூப்பின் சார்ட்டரே, அங்கீகாரமே போய்விடும், நாற்பது பையன்கள் தெருவில் நிற்பார்கள்." வருடாந்திரப் புதுப்பிப்பு டிசம்பரில் வரும். நீக்குகிறோம் என்று எழுத வேண்டாம், பட்டியலில் அவர் பெயரைப் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம், அவருக்கும் கௌரவமாக இருக்கும் என்று முடிவானது. வாக்கெடுப்பு கூட இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், ஏனென்றால் பட்டியல் என் கையில்.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கிரீன் கார்டு வரிசையில் நின்றுகொண்டிருந்த காலம், வெள்ளைக்காரர்கள் கூட்டத்தில் எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிரீன் கார்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அப்போதே தெரியும். வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் பட்டியலை வைத்து, அடிமட்டம் எடுத்து அவர் பெயர் மேல் ஒரு நேர்கோடு போட்டேன். என் மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள். "நீங்கதான் போடணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜனவரியில் பையன் கேட்டான், "அப்பா, அவர் ஏன் இப்பல்லாம் வரதில்லை?" வேலை அதிகமாம் என்றேன். பன்னிரண்டு வயதுப் பையன், இரண்டு வாரத்தில் நண்பர்களிடமிருந்து உண்மையைத் தெரிந்துகொண்டான். ஸ்கவுட் சட்டத்தில் பன்னிரண்டு குணங்கள் சொல்வார்கள், முதல் குணமே நம்பிக்கைக்கு உரியவனாக இருப்பது. அவன் என்னிடம் சண்டை போடவில்லை. அதற்கப்புறம் ட்ரூப் விஷயம் எதையும் என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டான்.

குழந்தைகளின் பாதுகாப்பு என்று சிலர் எழுதுவார்கள், அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அதே 2012 அக்டோபரில்தான் ஒரெகன் மாநில நீதிமன்ற உத்தரவால் அமைப்பின் ரகசியக் கோப்புகள் வெளியே வந்தன. 1965 முதல் 1985 வரையிலானவை, ஆயிரத்துக்கும் மேல். சிறுவர்களிடம் அத்துமீறியதாகச் சந்தேகிக்கப்பட்ட தலைவர்களைப் பற்றியவை, அதில் பலரைப் போலீசுக்குச் சொல்லாமலே சத்தமின்றி அனுப்பியிருந்தார்கள். 2020 பிப்ரவரியில் அமைப்பு திவால் மனு போட்டபோது 82,000-க்கும் மேற்பட்டவர்கள் சிறுவயதில் தங்களுக்கு நடந்ததைச் சொல்லி இழப்பீடு கேட்டார்கள். சுமார் 246 கோடி டாலர் நிதி ஒதுக்க வேண்டி வந்தது. அந்தத் தடை இருந்த காலம் முழுவதும் இதுவும் உள்ளே நடந்துகொண்டிருந்தது. ஒரு ஆணோடு குடும்பம் நடத்துகிறவரை விரட்டுவதால் பிள்ளைகளை வேட்டையாடுகிறவன் பிடிபடுவதில்லை, இரண்டும் வேறு வேறு. பிள்ளைகளைக் காப்பாற்றுவது, எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும் என்ற அந்த விதி. அதை எங்கள் ட்ரூப்பில் ஒருநாளும் மீறாதவரைத்தான் நாங்கள் அனுப்பினோம்.

பிறகு நடந்தது வேகமாகச் சொல்லிவிடலாம். 2013 மே மாதம் டெக்சாஸில் கூடிய சுமார் 1,400 பிரதிநிதிகளில் 60 சதவீதத்துக்கு மேல், பையன்களைத் தன்பாலீர்ப்பின் பேரில் தடுக்கக் கூடாது என்று வாக்களித்தார்கள். 2014 ஜனவரி 1 முதல் அமல். ஆனால் பெரியவர்களுக்குத் தடை அப்படியே நின்றது. பதினெட்டாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் வரை அவன் நல்ல சாரணன், மறுநாள் தலைவனாக வரக் கூடாதவன். இதை எந்தப் பையனுக்கு எப்படி விளக்குவது? இன்டெல், யுபிஎஸ் போன்ற நிறுவனங்களின் நன்கொடை 2012-லேயே நின்றிருந்தது. முன்னாள் பாதுகாப்புத் துறை அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் தலைவராக வந்து, இந்தத் தடை இனி தாங்காது என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகு, 2015 ஜூலை 27 அன்று பெரியவர்களுக்கும் தடை நீங்கியது. மத அமைப்புகள் நடத்தும் ட்ரூப்புகள் மட்டும் தங்கள் நம்பிக்கைப்படி தலைவர்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்று விட்டார்கள். அப்படி ட்ரூப்புகள் நடத்திவந்த மோர்மோன் சர்ச் 2019 முடிவோடு வெளியேறியது. உறுப்பினர் குறைந்ததற்கு இந்த மாற்றம்தான் காரணம் என்பவர்கள், கோவிட்டையும் திவாலையும் ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

அந்த ஜூலை மாதமே நான் அவர் வீட்டுக்குப் போனேன். திரும்ப வாருங்கள், பாரத்தை நானே நிரப்பிக் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். காபி கொடுத்தார். "அது நீங்கள் போட்ட விதி இல்லையே" என்றார். கோடு போட்டது நான் என்று சொன்னேன். தெரியும் என்று தலையை ஆட்டினார், கவுன்சிலில் யாரோ அந்தத் தாளைக் காட்டியிருக்கிறார்கள். பாரத்தை வாங்கி வைத்துக்கொண்டார், கையெழுத்துப் போடவில்லை. வாரக் கடைசிகளுக்கு இப்போது வேறு பழக்கம் வந்துவிட்டது என்றார்.

2017-ல் என் மகனுக்கு ஈகிள் விழா. ஈகிள் வாங்குகிறவன் தனக்கு வழிகாட்டிய ஒருவருக்கு ஒரு சின்னப் பின் குத்துவது வழக்கம். யாருக்கு என்று அவன் என்னிடம் சொல்லவில்லை. கேனோ அங்கிள் கடைசி வரிசையில், யூனிஃபார்ம் இல்லாமல், சாதாரணச் சட்டையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அவர் கணவர். மகன் மேடையிலிருந்து இறங்கி அவ்வளவு தூரம் நடந்து போய்க் குத்திவிட்டு வந்தான். முன்வரிசையில் அந்தப் பழைய கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் கைதட்டினேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். உரிமை இருக்கிறதா என்றால் இருக்கிறது. ஆனால் "பிடிக்காதவர்கள் வேறு இடம் பார்க்கலாமே" என்று எழுதினீர்களே, எட்டு வயதில் உள்ளே வருகிற பிள்ளைக்குத் தான் யார் என்று அப்போது தெரியாது. தெரியவரும் வயதில் அவனுடைய நண்பர்கள், முகாம், பேட்ஜ் எல்லாம் அங்கேதான் இருக்கும். அவனை எங்கே போகச் சொல்வீர்கள்? இன்னொன்று, அந்த விதியைத் தலைமையகத்திலிருந்து யாரும் வந்து நிறைவேற்ற மாட்டார்கள், உங்களைப் போன்ற, என்னைப் போன்ற ஓர் அப்பாவிடம்தான் பட்டியலைக் கொடுப்பார்கள்.

பையனைத் தாராளமாகச் சேருங்கள். 2025-லிருந்து பெயர் ஸ்கவுட்டிங் அமெரிக்கா, மகள் இருந்தாலும் சேர்க்கலாம். சேர்ப்பதற்கு முன் அந்த ட்ரூப்பை நடத்தும் அமைப்பு எது, தலைவர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ஒரு முறை நேரில் கேளுங்கள். அப்புறம் காரை அணைத்துவிட்டு உள்ளே போய் உட்காருங்கள், நாற்காலி மடக்க எப்போதும் ஆள் போதாது.