லாயம் முழுக்க லத்தியை மிதித்துப் பரப்பும் குதிரையை என்ன செய்வது?

தண்டையார்பேட்டையில் குதிரை வைத்திருக்கும் நீங்கள், "விடிந்து பார்த்தால் லாயமே சேறாகக் கிடக்கிறது, அடித்துப் பழக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள். ஒரு குதிரை நாளைக்குச் சுமார் 20 கிலோ லத்தி போடும். நாள் முழுக்க அடைத்து வைத்தால் சுற்றிச் சுற்றி நடந்து எல்லாவற்றையும் மிதித்துவிடும், பாவம். காலையும் சாயங்காலமும் வெளியே நடக்கவிடுங்கள், நிலைமை நன்றாகவே மாறும். அப்புறம் நீங்கள் தூங்கப் போகுமுன் ஒருமுறை அள்ளிவிடுங்கள்.

நம் கடலோர ஈரக்காற்றில் மூத்திரம் ஊறிய வைக்கோல் லேசில் காயாது. மரவாடியில் இழைத்துத் தள்ளும் மரச்சுருளைக் கனமாகப் பரப்புங்கள். தினமும் குளம்பைத் தூக்கி, அடியில் இருக்கும் முக்கோண மெத்தையைப் பாருங்கள். அதன் பள்ளத்தில் கறுப்பாகக் கசிந்து அழுகல் நாற்றம் அடித்தால் தள்ளிப்போடாதீர்கள். வேப்பேரி கால்நடை மருத்துவமனை பக்கம்தானே, உடனே காட்டிவிடுங்கள்.