வேலை மாறிக்கொண்டே இருக்கும் மகனும் ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷும்

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தேன். சட்டம் படித்த மகனுக்கு வக்கீல் தொழில் ஒட்டவில்லை. கொஞ்ச நாள் பாடம் நடத்தினார், அப்புறம் கடை போட்டு நஷ்டப்பட்டார். இப்போது 26 வயதில் வெளியுறவுப் பணிக்குப் படிக்கப் போகிறேன் என்கிறார். "எதிலுமே நிலைக்க மாட்டானா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு உடனே ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ்தான் ஞாபகம் வந்தார். 1801இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர். கல்லூரி முடித்து வாத்தியாரானார், பிடிக்கவில்லை. வக்கீலானார், அதிலும் மனம் போகவில்லை. ஆடு வளர்த்தார், கம்பளி ஆலையில் பணம் போட்டார், சலவைக்கல் குவாரியிலும் இறங்கிப் பார்த்தார். எதுவும் கைகொடுக்கவில்லை. அவருடைய அம்மாவும் உங்களைப் போலப் புலம்பியிருப்பார்.

ஆனால் இத்தனைக்கும் நடுவே அவர் விடாமல் மொழிகள் படித்துக்கொண்டே இருந்தார். சிறுவயதில் கண் கோளாறால் படிக்க முடியாமல் போனபோது, பிறர் வாசிக்கக் கேட்டுப் படித்தவர். 1838இல் ஐஸ்லாந்து மொழிக்கு இலக்கணமே வெளியிட்டார். வெர்மான்டில் ஒரு வக்கீலுக்கு அது எதற்கு, சொல்லுங்கள்! 1843இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினரானார். 1849இல் ஆட்டோமன் பேரரசுக்கு, அதாவது அன்றைய துருக்கிக்கு, அமெரிக்கத் தூதராகப் போனார். 1861இல் ஜனாதிபதி லிங்கன் அவரை இத்தாலிக்குத் தூதராக அனுப்பினார். 1882இல் சாகும்வரை, 21 வருடம், அதே பதவி. காட்டை அழித்தால் ஊற்று வற்றும், மண் அரித்துப்போகும் என்று விளக்கும் அவருடைய 'மனிதனும் இயற்கையும்' நூல் 1864இல் வந்தது. வெர்மான்டில் மொட்டையாகிப்போன மலைச்சரிவுகளைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர் அவர்.

உங்கள் மகன் யாரும் சொல்லாமலே தினமும் எதைப் படிக்கிறார்? செய்தியா, வரலாறா, வேறு மொழியா? அதை ஒரு மாதம் கவனித்து எழுதிவையுங்கள்.

சரி, மார்ஷ் கதையில் நமக்குப் பொருந்தாத பகுதியும் உண்டு. அவர் தேர்வு எழுதித் தூதராகவில்லை. அன்றைய அமெரிக்காவின் பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சிக்காரர், கட்சி ஆட்சிக்கு வந்ததும் பதவி கிடைத்தது. உங்கள் மகன் யூபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வைத்தான் எழுத வேண்டும். பொதுப்பிரிவுக்கு 32 வயது வரை, ஆறு முறை எழுதலாம். ஆறையும் எழுதித் தீர்க்க வேண்டாம் என்பேன். முதலில் இரண்டு முறை முழு மூச்சாக எழுதட்டும். வக்கீல் பதிவை மட்டும் கைவிட வேண்டாம்.

கடன் வாங்கி இன்னொரு கடை மட்டும் கூடவே கூடாது. மார்ஷைத் தூதரான பிறகும் பல வருடம் விடாமல் துரத்தியது பழைய தொழில்களில் பட்ட கடன்தான்.