நுகர்வோர் கேள்வி-பதில்: நெபுலைசரும் அதில் ஊற்றும் மருந்தும்

அப்பாவுக்கு சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). மருந்தைப் புகையாக்கி மூச்சில் செலுத்தும் நெபுலைசருக்கு புடசோனைடு (மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு) ரெஸ்ப்யூல் (ஒரு வேளை மருந்துள்ள சிறு பிளாஸ்டிக் குப்பி) வாங்கப் போனால், கடைக்காரர் அலுமினிய உறையைக் கிழித்து இரண்டை மட்டும் கையில் கொடுக்கிறார். ரசீது கேட்டால், 'இதற்கெல்லாமா?' என்கிறார். – வாசகி, கரூர்

இதற்கெல்லாம்தான். இந்தக் கிழிக்கும் பழக்கத்தைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். வெளிச்சம் பட்டால் புடசோனைடு கெடும். அதற்காகத்தான் உறை. மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் தெளிவாக இருக்கும். ரெஸ்ப்யூலின் மீது இருப்பதோ பிளாஸ்டிக்கில் அழுத்திய பொடி எழுத்து. அறுபது வயதுக் கண்ணுக்கு அது எட்டாது. உங்களுக்கு இரண்டைக் கொடுத்துவிட்டு மீதியைக் கடைக்காரர் மேசை விளிம்பில் வைப்பார். அது எத்தனை நாள் வெயிலில் கிடந்தது என்று அடுத்து வாங்குபவருக்கு யார் சொல்வது? கூடுதலாகக் கொஞ்சம் செலவானாலும் பிரிக்காத உறையாகவே வாங்குங்கள். பிரித்த தேதியை அதன் மேல் எழுதி, மீதியை அதற்குள்ளேயே வையுங்கள். தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள ரசீது உங்கள் உரிமை. தர மறுத்தால் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுதிக் கொடுங்கள். இன்னொன்று: புடசோனைடு உள்ளே போனபின் அப்பா வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லையேல் வாயில் வெண்படலம் பிடிக்கும்.

மருந்தோடு கலக்கும் சலைன் (உப்பு நீர்) தீர்ந்துவிட்டால் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா?

கூடாது.

'சத்தமே வராது, எந்த மருந்தும் ஓடும்' என்ற விளம்பரத்தை நம்பி அல்ட்ராசோனிக் நெபுலைசர் வாங்கினேன். ரூ.3,800. அதில் புடசோனைடு போடக் கூடாது என்கிறார் டாக்டர். விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கிறார். – ஓய்வு பெற்ற ஆசிரியர், திண்டுக்கல்

டாக்டர் சொல்வது சரி. புடசோனைடு தண்ணீரில் கரைந்த மருந்து அல்ல, துகள்களாக மிதப்பது. அதிர்வால் இயங்கும் அல்ட்ராசோனிக் கருவி அதைச் சரியாகப் புகையாக்காது. காற்றை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர் வைத்த ஜெட் நெபுலைசர்தான் அதற்குப் பொருந்தும். சத்தம் போடும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பொய் சொல்லி விற்றவர்தான் குற்றவாளி, நம்பிய நீங்கள் அல்ல, ஐயா. விளம்பரம் இப்போதே அழிக்கப்படலாம், முதலில் அதைப் படமெடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை.

வாங்கிய சில வாரத்தில் புகை குறைந்துவிட்டது. வாரண்டியில் மாற்ற மாட்டேன் என்கிறார்கள். கழுவுவதில்லை, மருந்துதானே உள்ளே போகிறது!

மருந்துதான், அதை ஊற்றும் கிண்ணத்தின் துளையை அடைத்திருக்கிறது. கிண்ணத்தையும் மாஸ்க்கையும் ஒவ்வொரு முறையும் கழுவிக் காற்றில் உலர்த்த வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. பிரிக்காத அந்தக் கையேடு பெட்டிக்குள்ளேயே கிடக்கும், பாருங்கள். வாரண்டி பெரும்பாலும் மோட்டாருக்குத்தான். புது கிட் (கிண்ணம், மாஸ்க், குழாய்) வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் செலவில்.

பெட்டியில் ரூ.4,200. கடையில் ரூ.1,900-க்குத் தருகிறார்கள். ஏமாற்றா, அதிர்ஷ்டமா?

இரண்டும் இல்லை, வாடிக்கை. இப்படி ஊதிய விலையால்தான் 2021 ஜூலையில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் நெபுலைசர், ஆக்ஸிமீட்டர் உள்ளிட்ட ஐந்து கருவிகளுக்கு வணிக லாப வரம்பு 70 சதவீதம் என்று விதித்தது. தள்ளுபடியைப் பார்க்காதீர்கள், கையை விட்டுப் போகும் தொகையை நாலு கடையில் விசாரியுங்கள். ஃபில்டரும் கிட்டும் உள்ளூரில் கிடைக்குமா என்றும் கேளுங்கள். என் வீட்டில் மலிவாக வந்த ஒரு கம்ப்ரசர் இருக்கிறது. அதற்கான ஃபில்டர் தமிழ்நாட்டில் எந்தக் கடையிலும் இல்லை. இப்போது கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது.

அம்மாவும் மகனும் ஒரே மெஷினைப் பயன்படுத்தலாமா?

மெஷின் ஒன்று, மாஸ்க்கும் கிண்ணமும் ஆளுக்கொன்று.

இன்ஹேலரும் ஸ்பேசரும் (இன்ஹேலரின் முனையில் மாட்டும் குழாய்) போதும் என்கிறார் டாக்டர். 'நெபுலைசர்தான் பலம்' என்கிறார் கடைக்காரர்.

சரியாக இழுத்தால் ஸ்பேசரோடு இன்ஹேலர் பலருக்கும் அதே பலனைத் தரும். எப்படி இழுப்பது என்று டாக்டர் முன்னாலேயே ஒருமுறை செய்து காட்டுங்கள். கடைக்காரருக்கு எந்தப் பொருளில் அதிகம் மிஞ்சும் என்பதை நீங்களே யோசியுங்கள்.